முட்டை நாலு, பால் ஒரு லிட்டர்

அந்த ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க இரண்டு ஜன்னல்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்களின் ஜன்னலுக்கு எதிரே நாற்காலிகளும், தலைக்கு மேலே ஒரு காற்றாடியும் உண்டு. காப்பீட்டு அட்டைக்காரர்களின் ஜன்னலுக்கு எதிரே வரிசை உண்டு. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பெரிய ரோட்டோரம் புதிதாக எழுப்பிய நாலு மாடி. கட்டினவன் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறான், அட்டைக்காரனுக்கும் கால் வலிக்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

மாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்சவள்ளி அந்த வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். அவள் புருஷன் நடராசன் தூணோரம் துண்டை விரித்துச் சுருண்டு கிடந்தான். அவனுக்குக் குடலில் கட்டி. மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி டிராக்டரில் போட்ட உடம்பு, இப்போது நாற்பத்தொரு கிலோவில் வந்து நின்றது. கட்டியை அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டரம்மா கலைப்பிரியா சொல்லிவிட்டார். ஆனால் கத்தியைத் தாங்க உடம்பில் சத்து வேண்டும். ரத்தத்தில் அல்புமின் என்று ஒன்று இருக்கிறதாம், அது மூன்றுக்குக் குறையக் கூடாதாம். நடராசனுக்கு ரெண்டு புள்ளி மூணு. "இப்படியே அறுத்தா போட்ட தையல் பிரிஞ்சிடும்மா" என்று சொல்லி, மருந்துச் சீட்டில் அவரே தமிழில், படிக்கும்படியாக எழுதிக் கொடுத்தார்.

அந்த ஜன்னலில் ஒரு வழக்கம் உண்டு. சீட்டில் பத்து மாத்திரை எழுதியிருந்து கையிருப்பில் ஆறுதான் என்றால், ஆறைக் கொடுத்துவிட்டு "பாக்கி 4" என்று சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அடுத்த முறை அந்தச் சீட்டைக் காட்டினால் மீதி வரும். அதில் குறை சொல்ல முடியாது. ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த திருமுருகன் அம்சவள்ளியின் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இன்னாம்மா இது? முட்டை நாலு, பால் ஒரு லிட்டர், மீன், சத்து மாவு டப்பான்னு எழுதிக்குது."

"ஆமாங்க. தெனம் நாலாம். ஒரு மாசத்துக்கு சேத்துக் குடுத்துடுவீங்களா, தெனம் வந்து வாங்கணுமா?"

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். திருமுருகனும் சிரிக்கத்தான் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"யம்மா, இது மருந்து இல்ல. சாப்பாடு. கடையில போய் வாங்கிக்கோ."

"டாக்டரு எழுதிக்கிறாங்களே. கையெழுத்து கீது பாருங்க, சீலு கீது. இது இல்லாட்டி ஆபரேசன் பண்ண முடியாதுன்னு சொல்லிக்கிறாங்க. அப்ப அது மருந்து இல்லாம இன்னாங்க?"

திருமுருகன் சீட்டை அவள் பக்கமே நீட்டினார். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் முட்டையும் கீரையும் மீனும் வரைந்து, மேலே 'உணவே மருந்து' என்று ஓர் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அம்சவள்ளி எட்டாவது வரை படித்தவள். ஒன்றேகால் மணி நேரமாக அதைப் படித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். அவள் செய்தது தப்பென்றால், அந்தச் சுவரை எழுதினவன் செய்தது அதைவிடப் பெரிய தப்பு.

"அங்க காப்பீட்டு கவுண்டர்ல தென்னரசுன்னு ஒருத்தர் குந்திக்கினு இருப்பாரு. அவர கேளு" என்று திருமுருகன் அனுப்பிவைத்தார்.

தென்னரசு நல்ல பையன் மாதிரிதான் இருந்தான். அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அட்டையை வாங்கி, அதன் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான்.

"ஆபரேஷனுக்கு அப்ரூவல் ரெடியா இருக்குக்கா. மயக்க மருந்து, தையல், ஸ்கேன், பெட்டு எல்லாம் ஃப்ரீ. நீங்க ஒத்த ரூபா எடுக்க வேணாம்."

"சாப்பாடு?"

"அதுவும் உண்டு. அட்மிஷன் போட்டுட்டா நோயாளிக்கு மூணு வேளையும் பெட்டுக்கே வந்துடும். முட்டை, பால் எல்லாம் பேக்கேஜ்ல இருக்கு."

அம்சவள்ளிக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அப்ப இன்னிக்கே அட்மிசன் போட்ருப்பா."

"ஆபரேஷன் தேதி குடுத்தாதான்க்கா அட்மிஷன் போட முடியும்."

"தேதி எப்ப குடுப்பாங்க?"

"டாக்டர் ஃபிட்னஸ் குடுத்தா."

"அது எப்ப குடுப்பாங்க?"

"அல்புமின் ஏறினா."

"அது எப்பப்பா ஏறும்?"

தென்னரசு அவளைப் பார்த்தான். "நல்லா சாப்பிட்டாக்கா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி மேலும் தப்பில்லை, சாமி எழுதிக் கொடுத்த வரமே அப்படி. உடம்பு தேறினால் சோறு உண்டு, சோறு இருந்தால் உடம்பு தேறும், நடுவில் இருக்கிற ஆள் அவன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

"டிபி வந்தவங்களுக்கு சத்தா சாப்பிடுறதுக்குன்னு கெவுர்மெண்டுல பணம் போடுறாங்களே. எங்க தெருவுலயே ஒருத்தருக்கு வந்துது."

"அது டிபிக்குக்கா. உங்களுக்கு வந்திருக்கிறது வேற."

வெளியே வந்து நடராசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் எழுந்து உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்குன்னு வந்து வாய்ச்சிது பாரு வியாதி. டிபியா வந்திருந்தா முட்டையாவது துன்னுருக்கலாம்."

"வாயை மூடிக்கினு எழுந்து வாங்க, பஸ்சு போயிடப் போவுது" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

அவர்கள் ஒன்றுமில்லாதவர்கள் அல்ல. ஒன்றரைக் காணி சொந்த நிலம், அதில் மல்லாட்டை. இரண்டு மாடு, ஒன்று சினை, ஒன்று கறவை. ஆனால் அவர்கள் வீட்டில் பால் என்பது குடிக்கிற பொருள் அல்ல. விடியற்காலையில் கறந்து, நுரை அடங்குவதற்குள் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுகிற பொருள். அந்தப் பாலில்தான் அரிசி, பருப்பு, பஸ் சார்ஜ், நடராசனின் ஸ்கேன் எல்லாம். கோழி பதினொன்று இருந்தது. போன கோடையில் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கூடை காலி. அம்சவள்ளி சொசைட்டிக்குப் போகிற பாலில் ஒரு சொம்பை நிறுத்தினாள். கடையில் தினம் இரண்டு முட்டை வாங்கினாள். பத்து நாளில் அது ஒன்றாகிவிட்டது. சத்து மாவு டப்பாவின் விலையைக் கேட்டு, கேட்ட வேகத்தில் திரும்பி வந்தாள்.

குறைக்கு அவளுக்குத் தெரிந்த பலம் கேப்பைதான். கேப்பைக் கூழ் குடித்துத்தான் அவளும், அவள் அப்பனும், ஊர் முழுக்க ஏர் ஓட்டினவர்களும் எலும்பு வளர்த்தார்கள். காலையில் ஒரு குண்டான், மத்தியானம் ஒரு குண்டான், பொழுது சாய ஒரு குண்டான். வாய்க்கு ருசி இல்லை என்று நடராசன் முகத்தைச் சுளித்தால், இன்னும் கொஞ்சம் உப்பு, ஒரு துண்டு ஊறுகாய், மோர் மிளகாய். மறுக்காமல் குடித்தான். அவள் மனசு நோகக் கூடாது என்று குடித்தான்.

பங்குனி நடுவில் மல்லாட்டை பிடுங்கினார்கள். வெயில் மண்ணைச் சுட்டது. முதல் நாள் ஒரு மழை அடித்திருந்ததால் செடி சுலபமாக வந்தது. புங்க மரத்து நிழலில் செடியை அம்பாரமாகக் குவித்து, தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குந்திக் காய் ஆய்ந்தார்கள். கூலி காயாகத்தான். ஆய்ந்ததில் பங்கு. நடராசனும் சும்மா இருக்க முடியாமல் வந்து ஓரமாக உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தான்.

"மாமா, திரும்பு, மூஞ்ச காட்டு" என்றாள் சின்னபொண்ணு. பக்கத்து வீட்டுக்காரி. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மாதா மாதம் அமாவாசைக்குப் போகிறவள், எதையும் பட்டென்று சொல்லிவிடுகிறவள். "ஏ அம்சா, பாத்தியா? மாமனுக்கு கன்னத்துல பூசினாப்ல கீது. கண்ணு கூட இடுங்கிப் போச்சு. உன் கூழு வேலை செஞ்சிக்கினு இருக்குது."

"செருப்புகூட பத்த மாட்டேங்குதுக்கா" என்றாள் அம்சவள்ளி. பூரிப்பை மறைக்கத் தெரியவில்லை. "ரெண்டு நாளா வெறுங்கால்லதான் வந்துகினு இருக்காரு."

"சதை போட்டா செருப்பு பத்துமா? டாக்டராவது மண்ணாவது. அவுங்க முட்டைய நம்பிக்கினு இருந்தா நீ இன்னிக்கு தாலிய நெனச்சி அழுதுகினு இருப்ப."

சாயங்காலம் மல்லாட்டை வியாபாரி தராசோடு வந்தான். மூட்டைகளை எடை போட்டு, விதைக் கடனைக் கழித்துக்கொண்டு மிஞ்சின சொச்சத்தைக் கொடுத்து முடித்ததும் சின்னபொண்ணு விடவில்லை. "மாமனையும் ஏத்துங்க" என்றாள். மூட்டை நின்ற தகட்டில் நடராசன் இரண்டு பேர் பிடிக்க ஏறி நின்றான். நாற்பத்தைந்து கிலோ இருநூறு. மூன்றே வாரத்தில் நாலு கிலோ. பெண்கள் கைதட்டினார்கள். நடராசன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அம்சவள்ளி அந்த இரவு பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

டாக்டரம்மா கைதட்டவில்லை. நடராசனின் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். விரல் இருந்த இடத்தில் குழி விழுந்து, அப்படியே நின்றது. ஈரக் களிமண்ணில் அழுத்தின மாதிரி.

"இது சதை இல்லம்மா. தண்ணி. ரத்தத்துல சத்து குறைஞ்சா நீர் கோத்துக்கும். உப்பு போட்டுக் கூழா குடுத்தீங்களா?"

அம்சவள்ளி தலையை ஆட்டினாள்.

"கூழ் நல்லதுதான். ஆனா அது மட்டும் போதாது. நான் எழுதினது என்ன ஆச்சு?"

"எழுதுனீங்க, தரலியே" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஜன்னல்ல மருந்து இல்லன்னாங்க. கவுண்டர்ல பேக்கேஜ்ல இல்லன்னாங்க. அறுக்கறதுக்கு லட்சம் லட்சமா தரேன்னு சொல்ற கார்டு, அறுக்கற அளவுக்கு ஆள உயிரோட வெக்கறதுக்கு நாலு முட்டை தராதா? செவுரு இருந்தாதானேங்க சித்திரம். செவுரு உப்பி ஒழுவிக்கினு கெடக்குது, நீங்க பெயிண்டு டப்பாவ காட்டிக்கினு இருக்கீங்க."

கலைப்பிரியாவுக்கு முப்பது வயதிருக்கும். கோபித்துக்கொள்ளவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். "உங்களுக்காக எழுதிக் கேட்டேன்மா. ஒரு மாசம் இவருக்கு மட்டும் சத்துணவு அனுமதிக்கணும்னு. பட்டியல்ல அப்படி ஒரு சிகிச்சையே இல்லன்னு பதில் வந்திருக்கு." பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார். ரெண்டு புள்ளி ஒண்ணு. இறங்கியிருந்தது. "கட்டி காத்துக்கினு இருக்காது. இன்னும் ஒரு மாசம். அதுக்குள்ள ஏறலன்னா நான் கத்தி வெக்கறதும் ஒண்ணுதான், வெக்காததும் ஒண்ணுதான்."

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. நடராசன் படுத்ததிலிருந்து அவர்கள் வீட்டு அலமாரியில் ரஸ்க் பாக்கெட்டும் பிஸ்கெட்டும் சாத்துக்குடியும் சேர்ந்துகொண்டே இருந்தன. கொண்டுவந்தவர்கள் மனசார கொண்டுவந்தார்கள். ஆனால் இன்னது கொண்டு வா என்று கேட்பது பிச்சைக்குச் சமம். அம்சவள்ளி மூன்று நாள் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் சின்னபொண்ணு ஒரு பன் பாக்கெட்டோடு வந்தபோது வாசலிலேயே நிறுத்தினாள்.

"யக்கா, கோச்சிக்காத. பன்னு வேணாம். முட்டையா குடு."

சொல்லி முடித்ததும் முகம் எரிந்தது. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சின்னபொண்ணு அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

"தராசுல ஏத்தி கைதட்டினேனே பாவி" என்றாள். "தண்ணிக்கா கைதட்டினேன்."

அன்றே தெருவில் வீடு வீடாகப் போனாள். எந்த வீடு எந்த நாள் என்று அவளே முறை வைத்தாள். கோழி வளர்க்கிற வீட்டில் முட்டை, மரக்காணம் மீன்காரி வருகிற அன்று ஒரு வீட்டிலிருந்து மீன், பாலுக்கு இரண்டு வீடு. வளவனூரில் கட்டிக்கொடுத்த அம்சவள்ளியின் மகள் ஆர்த்தி ஞாயிறுதோறும் ஆட்டு எலும்போடு வந்தாள். பங்குனி அமாவாசையன்று, மலையனூருக்குக் கிளம்பிய சின்னபொண்ணு குளித்து மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு முந்தானையில் நாலு முட்டையோடு வந்து நின்றாள்.

"இன்னிக்குப் போய் முட்டைய தொடுறியேக்கா" என்றாள் அம்சவள்ளி.

"என் முறை இன்னிக்குதானே. அங்காளம்மா கோச்சிக்க மாட்டா. கோச்சிக்கினா நேராதானே போறேன், பேசிக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாங்க குடுக்கிறது இருக்கட்டும்டி. வரிசையில நிக்க வெச்சி போட்டோ புடிச்சி கார்டு குடுத்தானுவளே, அவனுவளுக்கு இது தெரிய வேணாமா?"

நடராசன் ஒவ்வொரு முட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். அவனும் ஒரு வீட்டுக்குத் தலைவன். ஊரான் வீட்டு முட்டை தொண்டையில் எப்படி இறங்கும் என்பதைச் சாப்பிட்டவனைக் கேட்டால் தெரியும். தெருவின் நல்ல மனசைப் பாராட்டி இந்த இடத்தில் நாலு வரி எழுதலாம். எழுத மனம் வரவில்லை. அந்தத் தெருவில் இரண்டு வீடுகளில் சின்னப் பிள்ளைகளின் முட்டை நின்றுதான் நடராசனுக்கு வந்தது. அது யாருக்கும் பெருமை இல்லை.

சித்திரை இரண்டாவது வாரம் அல்புமின் மூணு புள்ளி ஒண்ணு. காலில் வீக்கம் வடிந்துவிட்டது, செருப்பு பத்தியது. தென்னரசு ஓடி வந்து சொன்னான், "அக்கா, தேதி குடுத்துட்டாங்க, அட்மிஷன் போட்டுட்டேன்." இரண்டாம் மாடி, பன்னிரண்டாம் நம்பர் பெட். ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, தையல் நிற்கும் என்று டாக்டரம்மா வெளியே வந்து அம்சவள்ளியின் கையைப் பிடித்துச் சொன்னார். குடல் ஆறுகிற வரை ஐந்தாறு நாள் வாயில் பச்சைத் தண்ணீர்கூட வைக்கக் கூடாது, நரம்பு வழியாகத்தான் எல்லாம் என்றார். கட்டில் தலைமாட்டில் அதற்கு ஓர் அட்டையும் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் காலை ஏழரைக்குத் தள்ளுவண்டியோடு ஜெசிந்தா வந்தாள். சமையற்கட்டில் வேலை செய்கிறவள். மூடி போட்ட ஒரு தட்டை நடராசனின் கால்மாட்டில் வைத்தாள். இட்லி, அவித்த முட்டை இரண்டு, ஒரு டம்ளர் பால்.

"இது யாருக்கு?"

"பன்னண்டாம் நம்பருக்கு. இங்க ஒரு கையெழுத்து போடும்மா."

"அவருக்குதான் வாயில ஒண்ணும் வெக்கக் கூடாதுன்னு அட்டை மாட்டி வெச்சிருக்காங்களே."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. லிஸ்டுல பேரு கீது. காப்பீட்டு பேசண்டு, முட்டை ரெண்டு, பால் ஒண்ணு. வெச்சிட்டு கையெழுத்து வாங்கிக்கினு போவணும். இல்லன்னா என் சம்பளத்துல புடிப்பாங்க. ஜல்தியா போடு, இன்னும் முப்பது பெட்டு கீது."

அம்சவள்ளி தட்டைப் பார்த்தாள். இரண்டு முட்டை, தோல் உரிக்காமல், வெள்ளை வெளேரென்று. இதற்காக வரிசையில் நின்றாள், சிரிக்கப்பட்டாள், தெருவில் கை நீட்டினாள். அப்போது வாய் திறந்திருந்தது. இப்போது வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், தட்டு தேடி வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறது. வலி ஊசியின் அரைமயக்கத்தில் கிடந்த நடராசன் முட்டை வாசனைக்கு மூக்கைச் சுருக்கினான். ஜெசிந்தாவின் வயிற்றில் அடிக்க மனமில்லாமல் கையெழுத்துப் போட்டாள். அன்று மூன்று வேளை, மறுநாள் மூன்று வேளை. முதல் நாள் முட்டை அவளுக்கு இறங்கவில்லை, மகளிடம் கொடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் காலை ஊசி மருந்து வாங்கச் சீட்டு கொடுத்தார்கள். அப்போதுதான் தட்டும் வந்திருந்தது. முட்டை இரண்டையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு, பாலை ஒரு பாட்டிலில் ஊற்றி இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கினாள். கீழே யாராவது பசித்தவர்கள் இருப்பார்கள் என்பதுதான் நினைப்பு.

காப்பீட்டு ஜன்னலில் வழக்கமான வரிசை. முன்னால் ஒரு பெண்பிள்ளை, கழுத்தில் ஜெபமாலை, அறுபதை நெருங்கும் வயது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றவர் அவள் வீட்டுக்காரராக இருக்க வேண்டும். வேட்டிக்குக் கீழே இரண்டு காலும் வீங்கியிருந்தன. செருப்பு இல்லை.

"கார்டுல சவுரியம்மாள்னு எழுதிக்குதா? அது நான்தாங்க. அவரு பேரு கீழ கீது" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து திருமுருகனின் குரல் வந்தது. "யம்மா, இது மருந்து இல்ல. சாப்பாடு. கடையில போய் வாங்கிக்கோ."

அம்சவள்ளி வரிசையைத் தாண்டி முன்னால் போனாள். யாரோ ஒருவர் ஏம்மா என்றார். அவள் காதில் விழவில்லை. சவுரியம்மாளின் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தாள். கலைப்பிரியா டாக்டரின் அதே தமிழ் எழுத்து. முட்டை நாலு, பால் ஒரு லிட்டர்.

ஜன்னல் திட்டில் இரண்டு முட்டையையும் வைத்தாள். பக்கத்தில் பால் பாட்டிலை வைத்தாள்.

"இன்னாம்மா இது" என்றார் திருமுருகன். அவளை அடையாளம் தெரிந்துவிட்டது. "இதெல்லாம் இங்க வெக்கக் கூடாது."

"ஏன் வெக்கக் கூடாது? உன் ஆஸ்பத்திரி முட்டைதான். காப்பீட்டு முட்டை. மேல பன்னண்டாம் நம்பர்ல வாயில தண்ணி கூட வெக்கக் கூடாதுன்னு படுத்திருக்கிற ஆளுக்கு மூணு நாளா கையெழுத்து வாங்கிக்கினு குடுக்கறீங்க. அவருக்கு இது பேக்கேஜாம். கீழ நிக்கிற இந்த மனுசனுக்கு இது சாப்பாடாம், மருந்து இல்லையாம். மாடி ஏறினா மருந்தாவுமா முட்டை?"

திருமுருகன் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்தப் பக்கம், நாற்காலி போட்ட ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள்.

"நான் சம்பளத்துக்கு வேலை செய்றவன்மா. என்னை இன்னா பண்ணச் சொல்ற?"

"புதுசா ஒண்ணும் பண்ண வேணாம். இங்க தெனம் பண்றதுதான்." அம்சவள்ளி சவுரியம்மாளின் சீட்டை வாங்கி அவர் முன்னால் வைத்தாள். திட்டில் கிடந்த பேனாவையும் அவர் பக்கமாகத் தள்ளினாள். "இதுல நாலு எழுதிக்குது. ரெண்டு குடுத்தாச்சு. பாக்கி ரெண்டுன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடு. அப்பால இந்தம்மா யார்கிட்ட கேக்கணுமோ அவன்கிட்ட காட்டி கேக்கட்டும்."

திருமுருகன் சீட்டைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், பேனாவை எடுக்கவில்லை. பின்னால் வரிசை வாசல் வரை நீண்டுவிட்டது. யாரும் அம்சவள்ளியை நகரச் சொல்லவில்லை.